பிக்கப் வண்டிக்கு டயர் பிரஷர் சென்சார் மாத்தணுமா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வால்வைப் பாருங்க!

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கம் ராத்திரியில் தூங்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பலாப்பழம் வெட்டுகிறவர். இன்னொருவர் அதை ஏற்றிக்கொண்டு போகும் பிக்கப் டிரைவர். என் சித்தப்பா இரண்டாவது ஆள். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். பலா சீசனில் பலா, மற்ற நாள்களில் வாழைத்தார், தேங்காய். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு ஜல்லிக்கட்டுக் காளை.

இரண்டு சீசனுக்கு முன்னால், ஆசைப்பட்டு டயர் பிரஷர் சென்சார் செட் ஒன்று வாங்கி மாட்டினார். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் நான்கு குமிழ்கள், டேஷ்போர்டில் ஒட்டிவைக்க ஒரு சின்ன டிஸ்பிளே. மாட்டிய முதல் நாளே அது கத்த ஆரம்பித்தது. லோடு ஏற்றினால் கத்தும். இறக்கினாலும் கத்தும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். ``ஏப்பா, இது வீட்டுல உங்க சித்தியவிட அதிகமா சத்தம் போடுது" என்று டிஸ்பிளேவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்.

அதன்பிறகு ஒருநாள் ராத்திரி, ஆலங்குடி தாண்டி திருவரங்குளம் வருவதற்குள் பின்பக்க இடது டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் முழு லோடு பலா. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதே என்று இறங்கிப் பார்த்தபோது டயரின் பக்கவாட்டு ரப்பர் கொதித்துப்போய் நூல் தெரிந்தது. நல்லவேளை, வேகம் கம்மி. ஆளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் டயர் போச்சு, அதோடு சேர்ந்து நசுங்கி ஒரு சென்சாரும் போச்சு. அந்த ஒரு சென்சாருக்கு மாற்று தேடியபோதுதான் அடுத்த கூத்து ஆரம்பித்தது. ஆன்லைனில் பார்க்க அச்சு அசல் அதேபோல இருந்த ஒன்றை வாங்கினார். டிஸ்பிளே அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

முதல் செட் ஏன் கத்தியது, இரண்டாவது சென்சார் ஏன் பேசவே இல்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால், உங்கள் வண்டிக்கு எந்த சென்சார் என்பதை நீங்களே முடிவு பண்ணிவிடலாம்.

முதல்ல, உங்க வண்டியில இருக்கிறது எது?

டயர் பிரஷர் மானிட்டரிங் சிஸ்டம், சுருக்கமாக டி.பி.எம்.எஸ். இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும். மற்ற சக்கரங்களைவிட அது வேகமாகச் சுற்றும். ஏ.பி.எஸ்-ஸுக்காக ஏற்கெனவே சக்கரத்தில் இருக்கும் வேக சென்சார்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். இதில் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. காற்றைச் சரியாக அடித்துவிட்டு ரீசெட் பட்டனை அழுத்தினால் போதும். உங்கள் வண்டியில் இந்த வகை இருந்து, யாராவது ``டயருக்குள்ள இருக்கிற சென்சார் நாலும் போச்சு, மாத்தணும்" என்று பில் நீட்டினால், நைசாக வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது, டயருக்குள்ளே ரிம்மில், வால்வின் அடியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சென்சார். ஒவ்வொரு சக்கரத்தின் பிரஷரையும் தனித்தனியாக எண்ணில் காட்டும். கம்பெனியிலேயே பொருத்தி வரும் நேரடி சென்சார்கள் இந்த வகைதான். மூன்றாவது, சித்தப்பா வாங்கியதுபோல வால்வுக்கு வெளியே மாட்டும் மூடி வகை.

நம் ஊரில் ஓடும் லோடு பிக்கப்களில் கம்பெனி பொருத்திய டி.பி.எம்.எஸ் அபூர்வம். குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த்... இதில் எதை வைத்திருந்தாலும் அநேகமாக நீங்கள் வெளியே வாங்கி மாட்டிய செட்டுக்குத்தான் மாற்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள், உங்கள் வேரியன்ட்டில் என்ன இருக்கிறது என்பதை ஓனர்ஸ் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும்.

கம்பெனி பொருத்திய சென்சார் என்றால், அது செத்துவிட்டதா, இல்லை டயரில் காற்றுதான் குறைவா என்பதை டேஷ்போர்டு விளக்கே சொல்லிவிடும். சாவி போட்டதும் விளக்கு எரிந்து அப்படியே நின்றால் காற்று குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னி மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால், பல வண்டிகளில் சிஸ்டத்தில் கோளாறு என்று அர்த்தம். பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

சென்சார் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கிட்ட குனிங்க

சென்சார் வாங்கும் பலரும் முதலில் பார்ப்பது டிஸ்பிளே கலரா, மொபைல் ஆப் இருக்கா என்பதைத்தான். அதெல்லாம் அப்புறம். வண்டியை நிறுத்திவிட்டு வால்வைப் பாருங்கள்.

உங்கள் டயரில் ட்யூப் இருக்கிறதா? இருந்தால் உள்ளே மாட்டும் சென்சார் உங்களுக்கு இல்லை. அதற்கு இடமே கிடையாது. மூடி வகை ஒன்றுதான் வழி. ட்யூப்லெஸ் என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

அடுத்து, வால்வு ரப்பரா, மெட்டலா? கார்களில் பரவலாக இருக்கும் டி.ஆர். 413 ரக ரப்பர் வால்வு, அதிகபட்சம் 65 பி.எஸ்.ஐ வரைக்கும்தான் தாங்கும் என்று கணக்கு. லோடு பிக்கப்பின் பின்சக்கரம் இந்த எல்லைக்குப் பக்கத்தில் ஓடக்கூடியது. அதன் தலையில் ஒரு மூடி சென்சாரை மாட்டினால் என்ன ஆகும்? சென்சாரின் எடை 10 கிராம் என்று வையுங்கள். நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரம் சுழலும் விசையில் அந்த 10 கிராம் வால்வை சுமார் 800 கிராம் எடைபோல வெளிப்பக்கம் இழுக்கும். நான் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் மறுபடி ஒருமுறை போட்டேன். ஒவ்வொரு முறை வேகம் கூடிக் குறையும்போதும் ரப்பர் வளைந்து நிமிரும். வெயிலில் காய்ந்து விரிசல் விட்ட பழைய வால்வு என்றால், அடிப்பகுதியில் கிழிந்து மொத்தக் காற்றும் ஒரே நேரத்தில் போகலாம். காற்றைக் காவல் காக்க வைத்த ஆளே கதவைத் திறந்துவிட்ட கதை!

அதனால் மூடி வகை வாங்குவதாக இருந்தால், அதோடு நான்கு மெட்டல் வால்வுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிடுங்கள். நட்டு போட்டு ரிம்மில் இறுக்கும் வகை. குறைந்தபட்சம் பின்சக்கரம் இரண்டுக்காவது. கடையில் ``அதிக பிரஷர் தாங்குற மெட்டல் வால்வு" என்று கேளுங்கள். ரிம்மில் வால்வுக்கான துளை பெரும்பாலும் 11.5 மில்லிமீட்டர் இருக்கும். சில பெரிய வண்டிகளில் 16 மில்லிமீட்டர் வரை உண்டு. ரிம்மைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குவது உத்தமம்.

உள்ளே மாட்டும் சென்சார் வாங்குபவர்களுக்கும் ரிம் முக்கியம். பிக்கப்களில் பெரும்பாலும் ஸ்டீல் டிஸ்க்தான். அலாய் வீலுக்கு என்றே சாய்வு கொடுத்துச் செய்த சென்சாரை ஸ்டீல் டிஸ்க்கில் மாட்டினால் சில நேரம் உடம்பு ரிம்மில் சரியாகப் படியாது. பழைய சென்சாரைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய், தண்டின் சாய்வையும் நீளத்தையும் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலாய் மாற்றியிருக்கிறீர்கள் என்றால் பழைய சென்சார் மாடலையே கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

60-ம் 26-ம்: சித்தப்பா வண்டி கத்தியது ஏன்?

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள். பிக்கப்புக்கும் காருக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான்.

சந்தையில் கிடைக்கும் பல மூடி வகை செட்டுகள் காரை மனதில் வைத்துத் தயாரானவை. கார் டயருக்கு 30, 33 பி.எஸ்.ஐ என்பதால், அலாரத்தின் கீழ் எல்லையை 26 என்றும் மேல் எல்லையை 44, 45 என்றும் கம்பெனியிலேயே வைத்து அனுப்புவார்கள். சித்தப்பாவின் வண்டியில் பின்டயருக்கு லோடோடு 60. மாட்டிய நொடியிலிருந்து அது `பிரஷர் அதிகம், அதிகம்' என்று கத்தியதில் ஆச்சர்யமே இல்லை.

கத்தியதுகூடப் பரவாயில்லை. அதைவிட ஆபத்து கீழ் எல்லை 26-ல் இருப்பது. 60 இருக்கவேண்டிய டயர் 40-க்கு இறங்கினால், அது மூன்றில் ஒரு பங்கு காற்றை இழந்துவிட்ட டயர். முழு லோடோடு அந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி விரியும். அந்த நசுங்கலில் பக்கவாட்டு ரப்பருக்குள் சூடு ஏறும். சூடு ஏறினால் உள்ளே ரப்பரும் நூலும் பிரியும். டயர் வெடிப்பில் முடிவது இந்த வழியில்தான். ஆனால், சென்சாரைப் பொறுத்தவரை 40 என்பது 26-க்கு மேலே. எனவே அது குறைந்த காற்று அலாரமே அடிக்காது. சித்தப்பா டிஸ்பிளேவைக் கழற்றாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு அது `எல்லாம் நலம்' என்றுதான் காட்டியிருக்கும்!

காற்று இவ்வளவு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்ற அளவை அமெரிக்கா சட்டமாகவே வைத்திருக்கிறது. 2000-ல் ஃபயர்ஸ்டோன் டயர்கள் தொடர்ந்து பிரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு பலர் இறந்தார்கள். அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் புது இலகுரக வண்டிகள் அனைத்திலும் டி.பி.எம்.எஸ் கட்டாயம். வண்டிக் கம்பெனி சொன்ன அளவிலிருந்து 25 சதவிகிதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லா புது கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. 2020-ல் வந்த விதித் திருத்தம் வேறு விஷயம் சொல்கிறது: ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் ரிப்பேர் கிட், டி.பி.எம்.எஸ் மூன்றும் இருந்தால், 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களில் ஸ்டெப்னி இல்லாமல் விற்கலாம். அது பயணிகள் வண்டிக்கு. அதைக் காட்டி உங்கள் பிக்கப்பிலிருந்து ஸ்டெப்னியை இறக்கிவைத்துவிடாதீர்கள்.

சரி, நம் கணக்கு என்ன? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். பல பிக்கப்களில் லோடு இல்லாமல் ஒன்று, லோடோடு ஒன்று என இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். லோடு அளவையே அடிப்படையாக வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அது நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. உதாரணத்துக்கு முன்னால் 40, பின்னால் 60 என்று எடுத்துக்கொண்டால், கீழ் எல்லை 20 சதவிகிதம் குறைவாக: முன்னால் 32, பின்னால் 48. மேல் எல்லை 25 சதவிகிதம் அதிகமாக: முன்னால் 50, பின்னால் 75. 25 சதவிகிதம் இறங்கும்வரை காத்திருக்காமல் 20-லேயே கத்தட்டும் என்பது என் கருத்து. நம் ஊர் வெயிலுக்கும் லோடுக்கும் அந்த முன்ஜாக்கிரதை தேவை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ``முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியா அலாரம் எல்லை வைக்க முடியுமா?" நான்கு சக்கரத்துக்கும் ஒரே எல்லைதான் என்று சொன்னால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் லோடு வண்டிக்கு வேண்டாம். இரண்டாவது கேள்வி, ``அதிகபட்சம் எவ்வளவு பிரஷர் வரை அளக்கும்?" கார் சென்சார்களில் 4.5 பார், அதாவது சுமார் 65 பி.எஸ்.ஐ-யோடு நிற்பவை உண்டு. உங்களுக்கு 90, 100 வரையாவது அளப்பது வேண்டும். அட்டையில் பாரில் போட்டிருந்தால் 14.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மேல் எல்லையை ஏன் 75 வரை தூக்கி வைக்க வேண்டும்? விடியற்காலை 28 டிகிரியில் 60 அடித்த டயர், ஓடி ஓடி உள்காற்று 58 டிகிரிக்குப் போனால் 67 காட்டும். இது இயல்பு. `கூடிப்போச்சே' என்று வழியில் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் 60-க்குக் குறைத்து வைத்தால், மறுநாள் காலையில் அதே டயர் 53-ல் நிற்கும். மூன்று மணி நேரமாவது நிறுத்திவைத்த பிறகு அளப்பதுதான் சரியான அளவு.

காளை ஏற்றிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் விராலிமலை ஜல்லிக்கட்டில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டார்கள். அத்தனையும் நடந்தா வந்திருக்கும்? எடையைப் பார்த்தால் காளை பெரிய லோடு இல்லைதான். ஆனால், மூட்டைபோல அது ஒரே இடத்தில் நிற்காது. ஒரு பக்கமாகச் சாயும், மிரளும். கூடவே நான்கைந்து பேர் நிற்பார்கள். பின்டயர் ஒன்றில் மட்டும் காற்று குறைந்த வண்டி, வளைவில் அந்தச் சாய்வைத் தாங்குவது கஷ்டம். தை மாதத்துக்கு முன்னால் சென்சாரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

லோடு அதிகம் ஏற்றினாலும் சென்சார் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். சென்சார் பிரஷரைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

பார்க்க ஒரே மாதிரி, பேச்சு மட்டும் வேற

ஆன்லைனில் வாங்கிய ஒற்றை சென்சார் ஏன் வேலை செய்யவில்லை? அதை டேபிளில் வைத்து அட்டையைப் படித்தபோது விடை கிடைத்தது. 315 மெகாஹெர்ட்ஸ்.

டயர் சென்சார் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். அமெரிக்கா, ஜப்பான் வண்டிகளில் அது 315 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433.92. சித்தப்பாவின் டிஸ்பிளே 433.92-ஐ மட்டும் கேட்கும் ரகம். திருச்சி எஃப்.எம் வைத்த ரேடியோவில் மதுரை எஃப்.எம் கேட்குமா? புளூடூத் வழியே நேராக மொபைலுக்குப் பேசும் சென்சார்களும் இப்போது இருக்கின்றன. ஜேகே டயர் நிறுவனம் 2020-ல் ட்ரீல் சென்சார்களோடு இந்த வகையைக் கொண்டுவந்தது. புளூடூத் வகையில் டிஸ்பிளே செலவு மிச்சம். ஆனால், ராத்திரி டிரைவிங்கில் மொபைல் பாட்டுக்கும் மேப்புக்கும் நடுவே டயர் எச்சரிக்கையைத் தவறவிடும் ஆள் நீங்கள் என்றால் தனி டிஸ்பிளேதான் நல்லது. நான் டிஸ்பிளே கட்சி.

அலைவரிசை ஒன்றாக இருந்தாலே போதாது. ஒவ்வொரு கம்பெனி சென்சாரும் தகவலை அனுப்பும் விதம் வேறு. எனவே மூடி வகையில் ஒரு சென்சார் போனால், அதே கம்பெனி, அதே மாடல் எண். வேறு வழியில்லை. இதனால்தான் புதிதாக செட் வாங்கும்போதே ``ஒத்தை சென்சார் தனியா கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால், ஒன்று உடைந்த அன்றைக்கு மொத்த செட்டும் குப்பை. சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது.

கம்பெனி பொருத்திய உள்சென்சாருக்கு மாற்று தேடுபவர்களுக்கு வழி இன்னும் கொஞ்சம் அதிகம். ஒன்று, வண்டிக் கம்பெனியின் அசல் பாகம். விலை அதிகம், தலைவலி குறைவு. இன்னொன்று ஷ்ரேடர், ஹூஃப், ஆட்டல் போன்ற நிறுவனங்களின் புரோகிராம் செய்யக்கூடிய சென்சார். இதில் எதுவும் எழுதாமல் வரும். ஒரு கையடக்கக் கருவியால் உங்கள் வண்டிக்கு ஏற்ற மொழியை எழுதிவிடுவார்கள். பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் பிரதி எடுத்துவிட்டால், வண்டியின் கம்ப்யூட்டருக்கு மாற்றியதே தெரியாது. தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் செத்துப்போன சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். அதன் உடம்பில் அந்த எண் அச்சடித்திருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் கருவி கடையில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள். எல்லா டயர் கடையிலும் இருக்காது. கருவி இல்லாத கடையில் சென்சார் மட்டும் வாங்கி வருவது, பூட்டு வாங்கிவிட்டுச் சாவியைக் கடையிலேயே விட்டுவருவதுபோல.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்து தருவதாகச் சொன்னாலும் முதலில் அலைவரிசையைக் கேளுங்கள். சிங்கப்பூர் மாமா அன்போடு கொண்டுவருவார். அன்புக்கு மெகாஹெர்ட்ஸ் தெரியாது. இங்கே விற்கும் வயர்லெஸ் கருவிகளுக்கு மத்திய அரசின் டபிள்யூ.பி.சி ஒப்புதல் தேவை. அட்டையில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் பெயர் தெரியாத சரக்கைத் தவிர்க்க ஒரு வழி.

ஜெகதாப்பட்டினம் பக்கம் ஓடுற வண்டிகளுக்கு...

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் லோடு ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. உப்பு. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் காற்றிலேயே உப்பு. போதாக்குறைக்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின்சக்கரத்தில்.

அலுமினியமும் பித்தளையும் உப்புத் தண்ணீரில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் அரிக்கும். உள்சென்சார்களின் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அதற்குள் சாதாரண பித்தளை வால்வு பின்னைப் போட்டால், சில மாதங்களில் பின் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். கழற்ற முயன்றால் தண்டு முறியும். ஒரு ரூபாய் சாமானில் ஒரு முழு சென்சார் காலி. இந்த சென்சார்களுக்கு நிக்கல் முலாம் பூசிய, வெள்ளி நிறத்தில் இருக்கும் பின்தான் போட வேண்டும். மூடியும் பித்தளையில் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். பஞ்சர் கடை அண்ணன் பழைய டப்பாவிலிருந்து மஞ்சள் பின் ஒன்றை எடுத்தால், ``அண்ணே, வெள்ளை பின் இருந்தா போடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். மூடி வகை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். இல்லையென்றால் வால்விலேயே இறுகிவிடும். அப்புறம் காற்று அடிக்கவே முடியாது.

அட்டையில் ஐ.பி. 67 என்று இருந்தால் தூசும் தண்ணீரும் உள்ளே போகாது. கடற்கரைக்கு மட்டுமல்ல, குவாரிப் புழுதியில் ஓடும் வண்டிக்கும் இது தேவை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. மூடி வகையில் பட்டன் பேட்டரியை நீங்களே மாற்றலாம். உள்சென்சாரில் பேட்டரி பிசினுக்குள் புதைந்திருக்கும். 5 முதல் 10 வருடம் வரை வரும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். ஒன்று அப்படித் தீர்ந்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். புது டயர் போடும் நேரத்தில் நான்கையும் சேர்த்து மாற்றினால் டயரைக் கழற்றும் கூலி ஒரே முறையோடு போகும்.

மாட்டுற அன்னிக்கு பக்கத்துல நில்லுங்க

உள்சென்சார் இருக்கிறது என்பதை டயர் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் அலகு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் சென்சார் அங்கேயே உடையும். கடப்பாரை போட்டு நெம்பும் கடையென்றால் இன்னும் ஜாக்கிரதை. ரிம்மில் வால்வுக்கு நேராகப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டால், அடுத்த முறை யார் கழற்றினாலும் தெரியும்.

நட்டை இறுக்குவதற்கும் அளவு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை மாறும். கைவலுவில் முறுக்கினால் அலுமினியத் தண்டு முறிந்துவிடும். ஒவ்வொரு முறை டயரைக் கழற்றும்போதும் ரப்பர் வாஷர், நட்டு, பின் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் சூட்டில் கெட்டிப்பட்டு, மெதுவாகக் காற்றுக் கசியும். அப்புறம் நீங்கள் சென்சாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பஞ்சர் ஜெல்லும் உள்சென்சாரும் ஒத்துப்போகாது. காற்றை அளக்கும் ஊசித்துளையை அந்த ஜெல் அடைத்துவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், அல்லது மூடி வகைக்குப் போங்கள்.

மாட்டியதும் எண் வரவில்லையே என்று பதற வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த, நின்றிருக்கும்போது பல சென்சார்கள் தூங்கிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஒரு பத்து நிமிடம் ஓட்டினால் விழித்துக்கொள்ளும். திரும்பி வந்து, பின்சக்கரம் ஒன்றில் நீங்கள் வைத்த கீழ் எல்லைக்குக் கீழே வேண்டுமென்றே காற்றை இறக்கிப் பாருங்கள். அலாரம் அடிக்கிறதா? சரியான சக்கரத்தைத்தான் காட்டுகிறதா? முன்டயரைப் பின்னால் மாற்றிய பிறகு டிஸ்பிளேவுக்குச் சொல்லாமல் விட்டால், அது பின்னதை முன்னது என்று காட்டிக்கொண்டிருக்கும். சோதித்து முடித்ததும் மறக்காமல் காற்றை நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

சித்தப்பா இப்போது இரண்டாவது செட்டில் இருக்கிறார். முன்பின் தனித்தனி அலாரம், ஒற்றை சென்சார் தனியாகக் கிடைக்கும் மாடல், நான்கு மெட்டல் வால்வு. எல்லாம் சேர்த்தும் அன்றைக்குப் போன அந்த ஒரு டயரின் விலையைவிடக் கம்மியாகத்தான் ஆனது. சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் `40', `60' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே அலாரம் எண் 32, 48-ஐயும் எழுதச் சொல்லியிருக்கிறேன், ராத்திரியில் யார் வண்டியை எடுத்தாலும் தெரியட்டும் என்று. ``எழுதுவோம், எழுதுவோம்" என்கிறார். பலா சீசன் ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறதாம்.